நாலாவது முடிச்சு

நகரி
3.11.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் தம்பி தனசேகரின் மனைவி கன்னிகா எழுதுவது. நானும் பிரீத்தியும் சுகம். வெங்கடம்மா அக்காவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நாலு வருஷம் கழித்து இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பரை அன்றைக்கு பிளாக் செய்தது நான்தான். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உங்கள் தம்பியின் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். இது உங்கள் தம்பிக்குத் தெரியாது. பதில் போட மனம் இருந்தால் தையல்காரி சுமித்ராவின் முகவரிக்குப் போடுங்கள். அவள் துணியைத் தைக்கிற மாதிரி வாயையும் தைத்து வைத்திருப்பவள்.

விஷயம் எங்கள் வாடகை கார் வண்டியைப் பற்றி. வடமாலப்பேட்டை தாண்டி அவர் பள்ளத்தில் இறக்கிய பிறகு, நீங்கள் கட்டி இழுத்துக்கொண்டு போய் ரேணிகுண்டாவில் ஒரு மாதம் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டீர்கள். "இஞ்சின் போயிடுச்சு, இனிமே இது ஓடாது" என்றீர்கள். உடன்பிறந்தவன் பிழைப்பில் மண் போட்டீர்கள் என்று நான் பேசினேன், எங்கள் வாசலை மிதிக்காதீர்கள் என்றும் சொன்னேன். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை, பொய் எழுத மாட்டேன்.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. இங்கிருந்து தினமும் திருப்பதிக்குப் போகிற நான்கு ஆசிரியைகளுக்கு வண்டி வேண்டும். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து ஓட வேண்டும். அதற்கு முன்னால் பிப்ரவரி 24 அன்று சித்தூரில் எஃப்.சி.க்கு, அதுதான் தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும். தவறினால் எங்களுக்கு ஆயுசுக்கும் அடுத்தவர் தறியில் கூலிதான். இங்கே இருக்கும் மெக்கானிக், "வரதராஜண்ணன் கை வெச்ச வண்டி, அவரக் கேக்காம நான் தொடமாட்டேன்" என்றுவிட்டார். போன இஞ்சின் திரும்புமா, திரும்பாதா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

கன்னிகா


ரேணிகுண்டா
9.11.2024

அன்புள்ள கன்னிகாவுக்கு ஆசிகள்.

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். அவளுக்கு வலி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நீயும் பிள்ளையும் சுகம் என்று எழுதினாய். தம்பி சுகமா என்று எழுதவில்லை.

திரும்பலாம். ஆனால் நாலு வருஷம் படுத்திருந்த இஞ்சினைச் சாவி போட்டு எழுப்பக் கூடாது. உள்ளே எண்ணெய் வடிந்து காய்ந்திருக்கும். காய்ந்த இரும்பும் இரும்பும் உரசினால் ஒரே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். நான் சொல்லும்வரை சாவியைத் தொடாதே, வேறு யாரும் தொடவும் விடாதே.

ஸ்டியரிங்கில் ஒரு நூல் கட்டியிருப்பேன். நைனா தறியை விட்டு எழுந்தால் அடுத்து உட்காருபவனுக்காக முடிச்சுப் போட்டு வைப்பாரே, அதே பழக்கம். ஒரு குறைக்கு ஒரு முடிச்சு. குறையைச் சரிசெய்தவன் முடிச்சை அவிழ்க்க வேண்டும். முதல் முடிச்சு, பாட்டரி கழற்றியது. இரண்டாவது, டாங்கில் டீசலை வடித்தது. மூன்றாவது, எலி போகாமல் சைலன்சர் வாயிலும் ஏர் பில்டர் குழாயிலும் துணி அடைத்தது. துணியை எடுத்துவிடு. டாங்கைக் கழுவிப் புது டீசல் பத்து லிட்டர் ஊற்று. பழைய இஞ்சின் ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்று. பாட்டரி இப்போது வேண்டாம், அது கடைசியில்.

வேலை வந்தது சந்தோஷம். வண்டியை ஓட்டப் போவது யார்?

வரதராஜன்


நகரி
24.11.2024

மாமாவுக்கு வணக்கம்.

இங்கே மழை. பிரீத்திக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. அக்காவுக்கு முடக்கத்தான் தோசை சுட்டுக் கொடுங்கள், சுமித்ராவின் அம்மா அதில்தான் நடக்கிறார்.

நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். நானேதான் செய்தேன். தறி மோட்டாருக்குப் பெல்ட் மாற்றுகிறவளுக்கு ஆயில் வடிக்க ஆள் எதற்கு? உங்கள் தம்பி பக்கத்துக் கூடத்தில் கூலித் தறிக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குள் போகிறேன். எலி உங்கள் துணியைத் தாண்டவில்லை, ஆனால் சீட்டுக்கு அடியில் ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறது. டீசல் வாடை கையை விட்டுப் போகாததால் இரண்டு நாள் மீன் குழம்பு வைத்தேன். நாள் தவறாமல் மீன் எதற்கு என்று அவர் கேட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் மூன்று முடிச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டை அவிழ்த்துவிட்டேன், பாட்டரி முடிச்சு இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் எண்ணினேன், பகலிலும் எண்ணினேன். நாலாவது எதற்கு?

கன்னிகா


ரேணிகுண்டா
20.12.2024

கன்னிகாவுக்கு,

பதில் தாமதம். ஷெட்டில் வேலை அதிகம். முடக்கத்தான் செய்து பார்த்தாள், நாக்குக்குப் பிடித்தது, முட்டிக்குத் தெரியவில்லை. பண்டிகை வருகிறது, பிள்ளைக்கு என் ஆசியைச் சொல்.

நாலாவது முடிச்சு ஹேண்ட் பிரேக்குக்காகப் போட்டிருப்பேன். சரியாக நினைவில்லை. அதை விடு.

இப்போது செய்ய வேண்டியது இது. இஞ்சின் தலையில் ஹீட்டர் பிளக் நாலு இருக்கும். அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு மூன்று வாரம் ஊறவிடு. பிஸ்டன் துரு விட்டுக்கொடுக்கும். போகிக்கு முன்னால் எதுவும் செய்யாதே. பிறகு, முன்பக்கம் கீழே இருக்கும் பெரிய புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி, கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கையால் மெதுவாகச் சுற்று. எங்கேயாவது முட்டினால் நிறுத்திவிடு. பலம் கொடுக்காதே. எனக்கு எழுது.

போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஓட்டப் போவது யார்?

வரதராஜன்


நகரி
13.1.2025

மாமாவுக்கு,

நாளைக்குப் பொங்கல். நான் சுகம், பிரீத்தி சுகம்.

ஒரு முடிச்சைப் பற்றி எழுத இருபத்தாறு நாள் எடுத்துக்கொண்டு, கடைசியில் நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஹேண்ட் பிரேக் நன்றாக இருக்கிறது, இழுத்துப் பார்த்தேன்.

இன்று காலை ஸ்பேனர் மாட்டிச் சுற்றினேன். முதலில் மாவு ஆட்டுகிற மாதிரி கனமாக, ஆனால் சுகமாகச் சுற்றியது. கால் சுற்றுகூட வரவில்லை, உள்ளே எதிலோ போய் 'டக்'கென்று நின்றது. துரு பிடித்தது இப்படி நிற்காது மாமா. துரு பிசுபிசுவென்று இழுத்துப் பிடிக்கும். இது சுவரில் முட்டின மாதிரி நின்றது. நீங்கள் சொன்னபடி பலம் கொடுக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் கொட்டகை வாசலில் உங்கள் தம்பி நிற்கிறார். நான் மாட்டிக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் திட்டவில்லை. பானெட்டைத் தடவிப் பார்த்தார். ஆசிரியைகள் வேலையைச் சொன்னேன், உங்களுக்கு எழுதுவதைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து அவரே இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறார். டிரைவர் வேலைக்குப் போகும்போது போடுவாரே, அந்தச் சட்டை. "இருவத்தாறாந்தேதி லீவு, புது பாட்டரி வாங்கிக்கினு வந்துடறேன். ஒருவாட்டி செல்ஃப் அடிச்சிப் பாத்துடலாம், ஓடுதா ஓடலயான்னு தெரிஞ்சிடும்" என்கிறார். மனுஷர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது.

செல்ஃப் அடிக்கலாமா? உடனே எழுதுங்கள்.

கன்னிகா


ரேணிகுண்டா
17.1.2025
ஸ்பீட் போஸ்ட்

கன்னிகா,

சாவியை ஒளித்து வை. அவன் கையில் கிடைக்கக் கூடாது. பாட்டரி வந்தாலும் செல்ஃப் அடிக்கக் கூடாது, ஒரு தடவைகூடக் கூடாது. கையால் சுற்றும்போது எதில் முட்டியதோ, செல்ஃப் அடித்தால் அதில் இடித்து வளைத்துவிடும். பிறகு நான் அன்று சொன்ன பேச்சு உண்மையாகிவிடும்.

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

வரதராஜன்


நகரி
20.1.2025
ஸ்பீட் போஸ்ட்

மாமாவுக்கு,

சாவி அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.

"அன்று சொன்ன பேச்சு உண்மையாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அன்று அது உண்மை இல்லை. இதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று மதியம் இஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் மூடியைக் கழற்றினேன். உள்ளே மேலே ஒரு பல் சக்கரம், கீழே ஒரு பல் சக்கரம், நடுவில் பம்ப் சக்கரம். மூன்றையும் கட்டி இழுக்க ஒரு பெல்ட் இருக்க வேண்டும். தறி மோட்டாரைப் பார்க்கிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெல்ட் இல்லை. மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் சேர்ந்து சுற்றாததால்தான் உள்ளே முட்டியிருக்கிறது.

அறுந்து போயிருந்தால் ரப்பர் துணுக்கு, நூல் பிசிறு ஏதாவது கிடக்கும். அங்கே ஒரு தூசி கிடையாது. துடைத்து, போல்ட்டுக்கு ஆயில் தடவி, மூடியை ஒழுங்காக மூடியிருக்கிறது. அறுந்த நூலுக்கும் அவிழ்த்த நூலுக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டில் நான் வாழ்க்கைப்படவில்லை.

நாலாவது முடிச்சு இதுதான். நல்ல இஞ்சினில் பெல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நாலு வருஷமாக அந்த மனுஷர், தான் தொட்டது துலங்காது என்று சொல்லிக்கொண்டு அடுத்தவன் தறியில் குனிந்து கிடக்கிறார். எதற்காகச் செய்தீர்கள்? என்ன பகை?

ஞாயிற்றுக்கிழமை பாட்டரி வருகிறது. அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

கன்னிகா


ரேணிகுண்டா
22.1.2025
ஸ்பீட் போஸ்ட்

கன்னிகாவுக்கு,

பகை இல்லை. பயம்.

நைனா படத்தின் மேல் கை வைத்துச் செய்த சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன். உன் புருஷனுக்கு வலிப்பு உண்டு. பதினெட்டு வயதில் வந்தது. அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மாத்திரை சாப்பிட்டான், நின்றது, அவனே மாத்திரையை நிறுத்தினான். கல்யாணம் பேசும்போது உங்கள் வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்றேன். "அண்ணா, அவளுக்குத் தெரிஞ்சா விட்டுட்டுப் போய்டுவா, செத்தாலும் சொல்லக்கூடாது" என்று அழுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வடமாலப்பேட்டையில் மாடு குறுக்கே வந்தது என்று உன்னிடம் சொன்னான். மாடு எதுவும் வரவில்லை. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவன் கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெட்டிவெட்டி இழுத்தது. நான் எட்டி ஸ்டியரிங்கை ஒடித்தேன், பள்ளத்தில் இறங்கியது. எதிரே வந்தது பள்ளிப் பிள்ளைகள் பஸ். அந்த பஸ் இன்னும் என் கண்ணில் வருகிறது.

எழுந்ததும் அவனுக்கு எதுவும் நினைவில்லை. தூங்கிவிட்டேன் போல என்றான். வண்டி ஓட்டாதே என்று காலைப் பிடித்துச் சொன்னேன், கேட்கவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்றால் சத்தியம். ஆகவே வண்டியின் வாயை அடைத்தேன். வாயால் பொய் சொல்லிவிட்டேன், ஆனால் நூலில் மூன்று முடிச்சோடு நிறுத்தக் கை வரவில்லை.

பெல்ட் என்னிடம்தான் இருக்கிறது. அவன் ஓட்டுவதென்றால் தர மாட்டேன். நீ என்னைப் பிழைப்பைக் கெடுத்தவன் என்று சாகும்வரை சொன்னாலும் சரி.

வரதராஜன்


நகரி
27.1.2025
ஸ்பீட் போஸ்ட்

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சுமித்ராவின் கடையில், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். அவள் பயந்துவிட்டாள்.

மாமா, எனக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து தெரியும். அடுப்படியில் விழுந்தார். எழுந்ததும் பிரீத்தி உண்டாகியிருந்த என் வயிற்றின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். "எங்க அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஷெட்டுப் பக்கமே சேர்க்கமாட்டான்" என்றார். உங்களுக்கு முன்பே தெரியும் என்பதை மறைத்துவிட்டார், மறுபடி வந்தது உங்களுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருப்பார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தும் அவரை ஓட்ட விட்டது என் குற்றம், மாடு வந்தது என்று அவர் சொன்னதையும் நம்பிவிட்டேன். நான் உங்களிடமிருந்து மறைத்தேன், நீங்கள் என்னிடமிருந்து மறைத்தீர்கள். ஒரே மனுஷர் இரண்டு பக்கமும் சத்தியம் வாங்கி நம் இரண்டு பேரையும் கட்டிப் போட்டிருக்கிறார். நம்மில் ஒருவர் பேசியிருந்தால் நாலு வருஷம் வீணாகியிருக்காது. நானும் உங்களை வாசலை மிதிக்காதே என்று சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பேச்சை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் இரண்டு தடவை கேட்டதற்குப் பதில் இது. ஓட்டப் போவது நான். ஆறு மாதமாக, அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, புத்தூரில் டிரைவிங் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்துவிட்டது, சுமித்ராவின் மெஷின் பெட்டியில் இருக்கிறது. அவரால் ஓட்ட முடியாது என்பதை உங்களுக்கு எழுதினால் சத்தியம் உடையும், அதனால் பதில் எழுதவில்லை. போன ஆடியில் தறியிலேயே விழுந்தார். நான் சாப்பாடு கொண்டு போனவள், மோட்டாரை அணைத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வருகிறது. அதனால்தான் அவர் சுகம் என்று உங்களுக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

நேற்று பாட்டரி வந்தது. அவரே மாட்டினார். ஹாரன் அடித்தார், பிரீத்தி கை தட்டினாள். சாவி கேட்டார். தெரியாது என்றேன். வீடு முழுக்கத் தேடிவிட்டு, "நாளான்னிக்கு புத்தூர்லருந்து சாவி போடறவனக் கூட்டிக்கினு வர்றேன்" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்களோடு எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்கள் கடிதம் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

பெல்ட்டைக் கழற்றியதை அவரிடம் நான் சொல்ல மாட்டேன். உங்கள் கையால் எழுதுங்கள். வீட்டு முகவரிக்கே போடுங்கள்.

கன்னிகா


ரேணிகுண்டா
30.1.2025

தம்பி தனசேகருக்கு,

சுகமா என்று உன்னைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. சுகமா?

உன் இஞ்சின் போகவில்லை. அன்றும் நன்றாகத்தான் இருந்தது. பெல்ட்டைக் கழற்றி என் பெட்டியில் வைத்துக்கொண்டு உன்னிடம் பொய் சொன்னேன். காரணம் உனக்குத் தெரியும். நீ தூங்கிவிட்டேன் என்று சொன்ன அந்த நிமிஷத்தில் நான் பக்கத்தில் விழித்திருந்தேன்.

உன்னை ஓட்டாதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன்னை நாலு வருஷம் ஏமாற்ற உரிமை இல்லை. உன்னை ராசி கெட்டவன் என்று நீயே நம்பும்படி விட்டேன். நீ அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

சத்தியத்தை உடைத்துவிட்டேன். கன்னிகாவும் உடைத்துவிட்டாள். அவளிடம் கோபப்படாதே. நீ பயந்தபடி அவள் உன்னை விட்டுப் போகவில்லை, கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

புதிதாக ஒரு பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன். பழையது ரப்பர் காய்ந்துவிட்டது, இனி ஆகாது. நீ வா என்று சொன்னால் வந்து மாட்டித் தருகிறேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன்.

அண்ணன்
வரதராஜன்


நகரி
10.2.2025

மாமாவுக்கு,

பிரீத்தி சுகம். நான் பரவாயில்லை. அவர் உடம்பு சுகம், மற்றது எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் மூன்றாம் தேதி வந்தது. வாசலில் நின்றே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், துன்னுங்க என்றால் சாப்பிடுகிறார். வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். நேற்று ஒரு மணி நேரம் கொட்டகையில் டிரைவர் சீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அரிசி டிரம்மைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் அரிசியின் மேல் கை அளைந்த தடம் இருந்தது. அவர் சாவியைக் கண்டுபிடித்துவிட்டு, எடுக்காமல் வைத்திருக்கிறார்.

வா என்று அவர் சொல்லப்போவதில்லை. இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. நான் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் மிதிக்காதே என்று சொன்ன வாசல்தானே, நான் வா என்று சொன்னால் போதும்.

கன்னிகா


நகரி
25.2.2025
ஸ்பீட் போஸ்ட்

அண்ணனுக்கு,

தனசேகர் எழுதுவது. நான் சுகமா என்று கேட்டிருந்தாய். சுகம் இல்லை. இதை எழுதுவது இதுதான் முதல் தடவை, கையெழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை நீ வந்து வேலை செய்த மூன்று மணி நேரமும் நான் பக்கத்துத் தறிக் கூடத்தில் இருந்தேன். லீவு நாளில் இவன் ஏன் தறி ஓட்டுகிறான் என்று நீ நினைத்திருப்பாய். உன் சத்தம் காதில் விழக்கூடாது என்றுதான் ஓட்டினேன். நடுவில் ஒரு சுவர்தானே, அப்படியும் விழுந்தது. நீ இஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றச் சொன்னாய், அவள் சுற்றினாள். "முட்டுதா?" என்றாய். "முட்டல மாமா" என்றாள். அப்புறம் செல்ஃப் சத்தம் வந்தது. முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நான் தறியை நிறுத்திவிட்டேன். கரன்ட் போய்விட்டது என்று கன்னிகா உன்னிடம் சொன்னாளாம். கரன்ட் போகவில்லை.

எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் இருமி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சீரானது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும் அண்ணா, என் வண்டிச் சத்தம். வெளியே வந்து உன்னைப் பார்க்கக் காலெடுத்தேன், பார்த்தால் அடித்துவிடுவேனோ அழுதுவிடுவேனோ என்று நின்றுவிட்டேன். நான் வருவதற்குள் நீ பஸ்ஸுக்குப் போய்விட்டாய். காப்பிகூடக் குடிக்கவில்லை என்றாள்.

உன் மேல் கோபம் போகவில்லை. போகவும் நாளாகும். நாலு வருஷம் லேசு இல்லை. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸைப் பற்றிக் கன்னிகா உன் கடிதத்தைக் காட்டினாள். நான் அதுவரை அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. பிரீத்தியும் பஸ்ஸில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள்.

நேற்று சித்தூரில் எஃப்.சி. ஆகிவிட்டது. அவள்தான் ஓட்டினாள். கிளம்பும்போது டிரம்மிலிருந்து சாவியை எடுத்து நானே அவள் கையில் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன், நீ அன்றைக்கு உட்கார்ந்த சீட். மேட்டில் கியரைத் தாமதமாகத்தான் மாற்றுகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இறக்கிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அந்த நூலை இதோடு வைத்து அனுப்புகிறேன். பாட்டரி முடிச்சை நான் அவிழ்த்தேன், நாலாவதை நீ அவிழ்த்துவிட்டுப் போயிருந்தாய். நூலில் இப்போது ஒரு முடிச்சு இருக்கும். அது நான் போட்டது. டாக்டரிடம் போகாமல் விட்ட குறைக்கு. சனிக்கிழமை திருப்பதியில் நரம்பு டாக்டரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு ரேணிகுண்டா பஸ் ஸ்டாண்டில் நில், வண்டி வரும், ஏறிக்கொள்.

நீ கட்டாயம் வர வேண்டும். விழும்போது எனக்கு என்ன ஆகிறது என்று டாக்டர் கேட்பார். நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்.

தம்பி
தனசேகர்